கதவு எண் போட்ட பாலிசி

செந்தாமரையிடம் யாரும் சும்மா சிரித்துப் பேசிவிட முடியாது. எதற்கு இந்தச் சிரிப்பு என்று முதலில் ஆளின் கையைப் பார்ப்பாள். கையில் காகிதம் இருந்தால் அன்றைக்கு அவர் பாடு திண்டாட்டம்தான்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. வலங்கைமானுக்குப் பக்கத்தில் அவளுக்கு இருப்பது இரண்டு மா நிலம், முக்கால் ஏக்கர்கூட வராது. ஒரு வருஷம் சம்பா கதிர் வாங்கும் நேரத்தில் மழை வந்து எல்லாம் முங்கிப் போனது. பயிர்க் காப்பீடு கட்டியிருந்தாள். அக்கம்பக்கத்து வயல்காரர்களுக்கெல்லாம் பணம் வந்தது, அவளுக்கு மட்டும் வரவில்லை. சிட்டாவில் ஒரு உட்பிரிவு எண், ரசீதில் வேறொரு உட்பிரிவு எண். "ஆளு நீதான், வயலும் உன்னுதுதான், நம்பர் ஒத்து வரலியேம்மா" என்று கையை விரித்துவிட்டார்கள். காப்பீடு என்றால் இடத்தின் எண்ணைச் சரியாக எழுதியிருக்க வேண்டும், பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அது ஏமாற்று வேலை என்று அன்றைக்கு அவள் மனதில் ஏறியது இறங்கவே இல்லை.

அந்தச் சம்பாவுக்குப் பிறகுதான் தஞ்சாவூரில் பயிற்சி எடுத்து, மாற்றுத்திறனாளிகளைப் பார்த்துக்கொள்ளும் தொழிலுக்கு வந்தாள். சேற்றில் நின்ற கால், தூக்கிப் பழகிய கை. வேலை சுலபமாகப் பிடிபட்டது. இப்போது அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், மூன்று வீடுகள் அவள் பொறுப்பு. அதில் எல்சியின் வீட்டை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். எல்சி கணக்குப் படித்தவள். ஸ்கூட்டர் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய், அண்ணன் ரெமிஜியஸ் வீட்டில் முன்னறையில் இருக்கிறாள். சிமெண்ட் கடைக்கார அண்ணனுக்குத் தங்கை மேல் உயிர், மற்றவர்கள் மேல் சந்தேகம். அந்த விஷயத்தில் அவரும் செந்தாமரையும் ஒரே ஜாதகம்.

போன மாதம் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது எல்சி வழுக்கிவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ரெமிஜியஸ் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா கேஸ் போடுவேன். நெலத்த வித்துத்தான் நீ பதில் சொல்லணும்!"

அதற்குச் சில நாள் கழித்து, தலை வாரிக்கொண்டிருக்கும்போது எல்சி மெதுவாக ஆரம்பித்தாள். "அக்கா, ஒங்க தொழிலுக்கு ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக்குங்களேன். சீக்கிரமா எடுத்தா நல்லது."

செந்தாமரை வாரிக்கொண்டிருந்த சீப்பை நிறுத்தினாள். சீக்கிரமா? எதற்குச் சீக்கிரம்? கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை, பார்க்கிற பழக்கம்தான். பார்க்கப் பார்க்க முடிச்சுகள் விழுந்தன. இவள் உள்ளே வந்தால் எல்சி போனைக் கவிழ்த்து வைக்கிறாள். கூடத்தில் அண்ணனும் தங்கையும் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள், இவள் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்துகிறார்கள். சரி, வலை விரிக்கிறார்கள் என்று தீர்மானித்தாள். முதலில் காப்பீட்டை எடுக்க வைப்பது, அப்புறம் விழுந்ததாகச் சொல்லிக் காசு பார்ப்பது. தான் குளிப்பாட்டித் துடைத்துவிடுகிற பெண்ணே இப்படி நினைக்கிறாளே என்று அவளுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் ரெமிஜியஸின் மிரட்டல் காதிலேயே நின்றதால், காப்பீடு எடுக்காமல் இருக்கவும் பயம்.

ஏஜெண்ட் நௌஷாத் நல்ல பையன். அவன் துரதிர்ஷ்டம், சிரித்துக்கொண்டே வந்தான்.

"அக்கா, இது கட்டின பணம் முடிவுல மொத்தமாத் திரும்பி வர்ற திட்டம்."

"நான் சீட்டா கட்டுறேன்? எடுத்து உள்ள வை."

"அப்ப இதப் பாருங்க. ஒங்களுக்கு அடிபட்டா..."

"எனக்கு அடிபட்டா நான் படுத்துக்குவேன் தம்பி. என் கையால இன்னொருத்தருக்கு அடிபட்டா என்ன செய்வீங்க? அதச் சொல்லு."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்குத் தனியாகப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது, வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று விளக்கினான். கேஸ் என்று வந்தால் வக்கீல் செலவுகூட அதில் அடங்குமாம்.

"ஒருத்தர் விழுந்தா தருவீங்களா, இல்ல ஊர்ல எல்லாரும் விழுந்தாத்தானா?"

நௌஷாத் விழித்தான். ஊர் முழுக்க விளைச்சல் போனால்தான் பணம் தரும் பயிர்க் காப்பீட்டை மனதில் வைத்துக் கேட்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. "ஒருத்தர் விழுந்தாலே போதும்க்கா."

"எந்த எடத்துல?"

"நீங்க எங்க வேல பாத்தாலும் செல்லும்."

வந்தது வினை. எங்கே வேண்டுமானாலும் செல்லும் என்றால் எங்கேயும் செல்லாது என்றுதானே அர்த்தம்? செந்தாமரை விடவில்லை. மூன்று வீட்டுக் கதவு எண்ணும் காகிதத்தில் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"அப்படிப் போட்டா அந்த வீடுகளோட நின்னுடும்க்கா. ஒங்களுக்குத்தான் நஷ்டம்."

"என் காதுல பூச்சுத்தாத. நம்பர் போடு, இல்லன்னா கெளம்பு."

அவன் பெருமூச்சு விட்டுப் போட்டான். எல்சி வீட்டு நிலைப்படியில் எழுதியிருந்த எண்ணை அவள் முந்தின நாளே நின்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

பாலிசி வந்ததும் அதை எல்சியின் மடியில் போட்டாள். "இந்தா, கேட்டியே." குரலில் காரம் இருந்தது.

எல்சி ஆசையாகப் பிரித்தாள். படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். முகம் செத்துப் போயிற்று.

"என்னக்கா, இந்த மூணு வீட்டுக்குள்ள மட்டும்னு இருக்கு?"

"நான்தான் போடச் சொன்னேன். யாரும் ஏமாத்த முடியாது பாரு."

எல்சி காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "கடைத்தெருவுல ஆடிட்டர் ஆபீஸ்ல எனக்கு வேல கெடச்சிருக்குக்கா. போன்ல அவங்ககிட்டதான் பேசிட்டிருந்தேன். அண்ணன் விடல. நீங்க கூட்டிட்டுப் போறப்ப வாசலத் தாண்டி நான் விழுந்தா ஒங்க மேல கேஸ் போட்டு நெலத்த வாங்காம விடமாட்டேன்னுச்சு. ஒங்களுக்கு இன்சூரன்ஸ் இருந்தா விடுறேன்னு சண்ட போட்டு ஒத்துக்க வெச்சேன். எல்லாம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன்." காகிதத்தை நீட்டினாள். "வயலுக்குப் போடுற மாதிரி நம்பர் போட்டு என்ன உள்ளயே வெச்சிட்டீங்களேக்கா."

செந்தாமரைக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. தன் நிலத்தைக் காப்பாற்ற மல்லுக்கு நின்ற பெண்ணைத் திருடி என்று நினைத்துவிட்டாள். வெட்கத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து ரெமிஜியஸ் சாப்பிட வந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "இதான் சரி. கம்பெனிக்காரனே வீட்டுக்குள்ளதான்னு சொல்லிட்டான் பாத்தியா எல்சி? இதோட அந்தப் பேச்ச விடு."

செந்தாமரை அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். அந்த வீட்டில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

"கம்பெனி சொல்லல அண்ணே. புத்தி கெட்டு நான் எழுதச் சொன்னது. மாத்திக்கிட்டு வர்றேன். வந்ததும் நீங்க குடுத்த வாக்குக் குடுத்ததுதான்."

நௌஷாத் போனில் சிரிக்கவில்லை. பயல் பாடம் கற்றிருந்தான். "நம்பரெல்லாம் எடுத்துடவாக்கா?"

"எடுத்துடு தம்பி. எங்க வேல பாத்தாலும்னு போடு. வீட்டுக்கு வெளியிலயும்னு தனியா ஒரு வரி போடு." சந்தேகம் அவ்வளவு சுலபத்தில் போய்விடுமா?

திருத்திய பாலிசி வந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை காலை, ரெமிஜியஸ் கடையிலிருந்து கொண்டுவந்த பலகையை வாசற்படியில் சாய்த்துப் போட்டார். முகம் மட்டும் உம்மென்றே இருந்தது. செந்தாமரை இடுப்பு பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், பிரேக்கைச் சோதித்தாள், பலகையைக் காலால் மிதித்துப் பார்த்தாள், ரெமிஜியஸையும் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி மெதுவாக இறக்கினாள்.

தெருவுக்கு வந்ததும் எல்சி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். வெயில் அவள் மடியில் விழுந்தது. ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"அக்கா, இந்த எடம் எந்த நம்பர்?"

செந்தாமரைக்குக் கண் நிறைந்துவிட்டது. "நம்பரும் இல்ல, ஒண்ணும் இல்ல. பேசாம வாடி" என்று சொல்லி நாற்காலியைத் தள்ளினாள்.