ஒரே நாளில் விழுந்த இரண்டு நிக்காஹ்

பிறை தெரியவில்லை என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டே எல்லோரும் பள்ளிவாசல் மாடியிலிருந்து இறங்கிப் போனார்கள். என் மச்சான் மட்டும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மேற்கே மேகம். அதற்குப் பின்னால் பிறை இருந்ததோ இல்லையோ, யார் கண்ணிலும் படவில்லை. படாவிட்டால் மாதம் ஒரு நாள் நீளும், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது ஒரு செய்தியே இல்லை. நான் பக்கத்தில் போய், "என்ன மச்சான், தலை சுத்துதா?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தபடியே, "ரெண்டும் ஒரே நாள்ல விழுந்திருச்சு மாப்ள" என்றார்.

மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். மதுரை பழைய ஊருக்குள் எங்கள் தெருக்களில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பண்டாரி என்றால் அவர்தான். நிக்காஹ், சுன்னத், மவ்லூது எதுவானாலும் தேக்சா என்கிற பெரிய அண்டாக்களில் நெய்ச்சோறும் ஆணம் என்கிற கறிக் குழம்பும் பருப்புத் தால்ச்சாவும் ஆக்கிப் போடுகிறவர்தான் எங்களுக்குப் பண்டாரி. வீட்டுக்காரர்கள் வந்து வெற்றிலைத் தட்டு நீட்டுவார்கள். பண்டாரி அதை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் வானமே இடிந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில்தான் அடுப்பு மூட்ட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டார் பிறைக் கணக்கில் தேதி வைத்து வெற்றிலை கொடுத்திருந்தார்கள். திருமங்கலத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர், சரக்கு வைக்கிற கிட்டங்கி மூடியிருக்கிற ஞாயிற்றுக்கிழமையே வசதி என்று கிழமைக் கணக்கில் கொடுத்திருந்தார். மச்சான் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, தெருவில் சனிக்கிழமை, திருமங்கலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்று இரண்டையும் வாங்கிவிட்டார். எப்போதும் நடுவில் ஒரு நாள் விட்டு வாங்குகிற மனுஷன்தான். ஊருக்கு வெளியேயிருந்து வந்த முதல் வெற்றிலை, ஆசை கண்ணை மறைத்துவிட்டது. பிறை ஒரு நாள் தள்ளியதும் தெருக் கல்யாணம் நகர்ந்து போய் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்துகொண்டது.

வேறு யாராவதாக இருந்தால் ஆளைப் பிரித்து அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். மச்சானால் அது முடியாது. அவரைப்போல வேலை தெரிந்தவரும் கிடையாது, வேலை கொடுக்கத் தெரியாதவரும் கிடையாது. என்னை அரிசி கழுவச் சொல்வார். கழுவி வைத்தால் தானே ஒருதரம் கழுவுவார். கறி வெட்டுகிற சாச்சா அவரைவிட வயதில் மூத்தவர், அவர் வெட்டிய துண்டைக்கூட எடுத்துப் பார்த்து இரண்டாக்குவார். நாகமலை புதுக்கோட்டையிலிருந்து விறகு வண்டியோடு வந்து எங்களோடு தங்கிவிட்ட அண்ணன் ஒருவர் தீப்பார்ப்பார். அவர் கட்டையைத் தள்ளினால் மச்சான் இழுப்பார், இழுத்தால் தள்ளுவார். உப்பை வேறு யாரும் தொடவே கூடாது. அவர் சத்தம் போட்டால் நாங்கள் ஓடுவோம், போடாவிட்டால் மரம்போல நிற்போம். எல்லோருக்கும் கையிருந்தது, மூளை ஒன்றுதான், அதுவும் அவர் தலைக்குள் இருந்தது. அவர் இல்லாத இடத்தில் ஒரு படி அரிசி ஆக்கவும் எங்களில் யாருக்கும் தைரியம் கிடையாது, எனக்கும்தான். அதனால்தான் அன்று அவர் படியில் அப்படி உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் ஒரு திட்டம் சொன்னார். விடியலில் தெருவில் அடுப்பு மூட்டிவிட்டுத் திருமங்கலத்துக்கு பஸ் ஏறுவாராம். அங்கே ஆணத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பி வந்து இங்கே தேக்சா மூடியைத் திறந்து தம் உடைப்பாராம். அக்கா கேட்டுவிட்டு, "பஸ்ஸு நின்னு போச்சுன்னா நடுரோட்டுலயே நெய்ச்சோறு ஆக்குவீங்களா?" என்றாள். "ஒண்ண விட்டுருங்க" என்று நான் சொன்னேன். மச்சான் முகம் சுருங்கிவிட்டது. "வெத்தலை வாங்குன கை மாப்ள. ரெண்டுல ஒண்ணு கெட்டாலும் ரெண்டும் கெட்ட மாதிரித்தான். அதுக்கப்புறம் எந்த வாசல்லயும் என்னை ஏத்தமாட்டாக" என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. கல்யாணச் சோறு கெட்டால் பெண்ணைப் பெற்றவன் தலை குனிய வேண்டும். ஒருமுறை அப்படிக் குனிய வைத்த பண்டாரியை ஊர் பிறகு சீண்டாது; அவரை நம்பியிருந்த எங்கள் அத்தனை குடும்பங்களும் அதோடு தெருவுக்கு வந்துவிடும்.

மறுநாள் அவரே திருமங்கலம் போய் வியாபாரியிடம் நடந்ததைச் சொல்லி, தன் மச்சினன் வந்து ஆக்குவான், தான் ஆக்கியதுபோலவே இருக்கும் என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டு வந்தார். வியாபாரி அரை மனதோடு தலையாட்டினாராம். அந்த மச்சினன் நான்தான்.

இடையில் பக்கத்துத் தெருவில் ஒரு மவ்லூதுச் சோறு வந்தது. பழக்கிப் பார்த்துவிடலாம் என்று மச்சான் எங்களைக் கூட்டி, "இன்னைக்கு நான் எதையும் தொடமாட்டேன். எல்லாரும் சேந்து எல்லாத்தையும் பாத்துக்கங்க" என்று அறிவித்துவிட்டு ஒரு முக்காலியில் போய் அமர்ந்தார். பெரிய மனது பண்ணிவிட்டதாக அவருக்கு நினைப்பு. நடந்ததைச் சொன்னால் இப்போதும் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். தால்ச்சா கொதிக்கும்போது நான் உப்புப் போட்டேன். நான் நகர்ந்ததும் சாச்சா போட்டார். பாய்மார் இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள் என்று பரிதாபப்பட்டு விறகுக்கார அண்ணனும் ஒரு கை அள்ளிப் போட்டார். சோற்றுக்கோ, அவர் போட்டிருப்பார் இவர் போட்டிருப்பார் என்று ஒருவருமே போடவில்லை. உப்பில்லாத சோற்றையும் கடல் தண்ணீர் மாதிரியான தால்ச்சாவையும் சேர்த்துப் பிசைந்தபோது ஒருவழியாக வாயில் வைக்க முடிந்ததால் மானம் தப்பியது. சாப்பிட்டு எழுந்த பெரியவர் ஒருவர், "என்ன பண்டாரி, உப்பைத் தனி ஐட்டமா வச்சிட்டீரு" என்று கேலி பேசிவிட்டுப் போனார்.

அன்று வீட்டில் மச்சான் கத்திய கத்தலில் தெருவே விழித்துக்கொண்டது. எங்களை நம்பியதே தப்பு என்றார். அக்கா அவர் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "அவுக மேல என்ன தப்பு? எல்லாரும் பாருங்கன்னு பொதுவாச் சொன்னா எவன் பாப்பான்? இது இன்னாருதுன்னு ஆளைக் காட்டிச் சொல்லுங்க. சொல்லிட்டா அப்புறம் அந்தப் பக்கம் கையை நீட்டாதீக, வாயையும் திறக்காதீக." மச்சான் ஏதோ சொல்ல வந்தார். "நாலு பிள்ளைய வச்சு வீட்டு வேலை வாங்குறவ நான். எனக்குத் தெரியாதா?" என்று அக்கா முடித்துவிட்டாள்.

மச்சானிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான்: கோபம் வந்த வேகத்திலேயே போய்விடும், போன இடத்தில் புத்தி வந்து உட்காரும். விடிந்ததும் எங்களைக் கூப்பிட்டு ஆளைக் காட்டிச் சொன்னார். சோறு என்னுடையது, அதன் உப்பும் என்னுடையது. ஆணமும் தால்ச்சாவும் சாச்சாவுடையது. தீ விறகுக்கார அண்ணனுடையது. பண்டாரியே வந்தாலும் அவர் அனுமதியில்லாமல் கட்டையைத் தொடக் கூடாது. "எப்படி ஆக்கணும்னு நான் சொல்லப் போறதில்ல. எப்படி இருக்கணும்னு மட்டும் சொல்றேன். சோறு பருக்கை பருக்கையா நிக்கணும். கறி பல்லில்லாதவுக வாயிலயும் கரையணும். மத்தது உங்க பாடு" என்றார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "பெரிய பாய், நிசமாவா சொல்றீக?" என்று கேட்டார்.

வாயால் சொல்லிவிட்டார், கை கேட்க வேண்டுமே. அதற்கும் அக்காவே வழி கண்டுபிடித்தாள். கொல்லையில் ஒரு சின்னத் தேக்சா வைத்து ஆக்கிப் பார்த்தபோது, கடைக்குட்டிப் பிள்ளையைத் தூக்கி அவர் இடுப்பில் வைத்துவிட்டாள். ஊரையே மிரட்டுகிற பண்டாரி இடுப்பில் பிள்ளையோடு அடுப்படியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் தண்ணீரைக் கொஞ்சம் கூட வைத்துவிட்டேன். அவர் பார்த்துவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறந்தார். அக்கா இருமினாள். திறந்த வாயால் பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார். சோறு இளகப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. நானே மூடியைத் திறந்து ஆவியை விட்டு, கீழே தீயைக் குறைக்கச் சொல்லி, மறுபடி மூடி, மூடி மேல் தணலை வாரிப் போட்டேன். சோறு நின்றது. அதுவரை அவர் கத்திக் கத்திச் சொல்லியும் ஏறாத பாடம் அவர் சும்மா நின்றதில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளும் சாமானும் பிரித்தபோது ஒரு காரியம் செய்தார். ஈயம் பூசிய புதுத் தேக்சாக்களையும், தீப்பார்க்கிற அண்ணனையும் எனக்கு ஒதுக்கினார். ஓட்டை உடைசல்களையும் பழைய ஆட்களையும் வைத்துக்கொண்டு தெருக் கல்யாணத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சாச்சாவும் தெருவிலேயே ஆணத்துக்கு நின்றுகொண்டார். திருமங்கலத்தில் ஆணமும் என் தலையில் விழுந்தது. வண்டி கிளம்பும்போது மச்சான் என் பக்கத்தில் வந்து, "எதுக்கும் ஆள் அனுப்பிக் கேக்காத மாப்ள. அங்க நீ என்ன முடிவு எடுத்தாலும் அது நான் எடுத்ததுதான்" என்றார்.

திருமங்கலத்தில் பஞ்சுக் கிட்டங்கியை ஒட்டிய பொட்டலில் அடுப்பு வெட்டினோம். விடிந்து வெயில் ஏறும்வரை எல்லாம் சொன்னபடி நடந்தது. நிக்காஹுக்கு ஜமாஅத்தார் உட்கார்ந்துவிட்ட நேரத்தில், அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். எதிர்பார்த்தது ஒரு பஸ். பின்னாலேயே இன்னொரு பஸ் வந்து நின்று, அதிலிருந்தும் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வியாபாரி வேர்த்து விறுவிறுத்து அடுப்படிக்கு ஓடி வந்தார். "தம்பி, இம்புட்டுப் பேருக்கு எப்படிப் பத்தும்? என் கார் நிக்குது. உடனே அனுப்பிப் பண்டாரியக் கூட்டியாரச் சொல்றேன்" என்றார்.

கார் என்றதும் என் மனசு ஒரு நொடி துள்ளியது, உண்மை. மச்சான் வந்துவிட்டால் போதும், பழையபடி அவர் கத்துவார், நான் ஓடுவேன், எந்தப் பாரமும் எனக்கில்லை. ஆனால் தெருக் கல்யாணத்தில் அது தம் உடைக்கிற நேரம். அவரை அங்கிருந்து பிய்த்துக்கொண்டு வந்தால் அந்தச் சோறும் கெடும், அவர் வந்து சேர்வதற்குள் இந்தச் சோறும் கெடும். "வேணாங்க. இங்க சோத்துக்கு நான்தான் பதில். எனக்கு ஒரு மூட்டை அரிசியும், வீட்ல இருக்கிற கத்தரிக்காய், பருப்பு அம்புட்டும் வேணும். நிக்காஹ் நடத்துற ஹஜ்ரத்தைக் கொஞ்சம் நிதானமா ஓதச் சொல்லுங்க" என்றேன். என் குரலை நானே அப்போதுதான் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தால், விறகுக்கார அண்ணன் யார் சொல்லுக்கும் காத்திராமல் இன்னொரு அடுப்பு வெட்டித் தீயும் மூட்டிவிட்டார். "பஸ்ஸைப் பாத்ததுமே தோண்டிட்டேன் சின்ன பாய். தீ என்னோடதாச்சே" என்றார். அந்தப் புது அடுப்பில் மூட்டை அரிசியை ஏற்றினேன். கறியைப் பெருக்க வழியில்லை, தால்ச்சாவைப் பெருக்கலாம். எலும்பும் கத்தரிக்காயும் போட்டு அதை இரட்டித்தேன். தூரத்து விருந்தாளிகளுக்கு முதல் பந்தி, வீட்டார் கடைசிப் பந்தி என்று பிரித்துச் சொன்னேன். ஹஜ்ரத் பாவம், தம்பதிகளுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியெல்லாம் சொல்லித் தீர்ந்து, பிறகு பொதுவாக மனித குலத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் துஆ ஓதி முடிக்கவும் நான் தம் உடைக்கவும் சரியாக இருந்தது. நெய்யும் பட்டையும் மணக்க ஆவி எழும்பியது. கரண்டியில் அள்ளிய சோறு பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. சகன் சகனாக, பலர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டுகளில், சோறு போய்க்கொண்டே இருந்தது, அடுப்படியில் குறையவே இல்லை. வியாபாரி ஓரமாக நின்று ஒவ்வொரு சகனும் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு, கடைசிப் பந்தி உட்காரும் நேரத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கி மச்சான் வந்தார். தெருக் கல்யாணத்தைக் குறையில்லாமல் முடித்துவிட்டு, சட்டை மாற்றக்கூட நிற்காமல் வந்திருக்கிறார். நேரே அடுப்படிக்கு வருவார், மூடியைத் திறப்பார், இது ஏன் இப்படி அது ஏன் அப்படி என்பார் என்று நான் தயாராக நின்றேன். அவர் என் பக்கமே வரவில்லை. பந்தலுக்குள் போய், கை கழுவி, வீட்டாரோடு ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர், "பண்டாரி நீங்கதான?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "இன்னைக்கு இந்த வீட்டுக்கு நான் பண்டாரி இல்லைங்க. அந்தா அடுப்படியில நிக்கிறானே, என் மச்சினன், அவன்தான்" என்றார். சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் ஒரே நாளில் இரண்டு ஊர், மூன்று ஊர் என்று பிரிந்து போய் ஆக்கியது தனிக் கதை. இன்று எனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்கள் அடுப்பை விட்டு நான் தள்ளி நிற்பதைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைக்கிறார்களோ என்னவோ, நினைத்துவிட்டுப் போகட்டும். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தவன் நான்.

நாங்கள் வீடு திரும்பியபோது அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். இரண்டு கல்யாணமும் நல்லபடி முடிந்த செய்தி முந்திக்கொண்டு வந்திருந்தது. ஆனாலும் அவளுக்குக் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. "சும்மா நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. எந்தச் சோறு நல்லா இருந்துச்சு? உங்களுதா, அவனுதா?"

மச்சான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தெருவுல என் சோத்தை ருசி பாக்கத் தொட்டதோட சரி" என்றார். "அங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னேன்."