என் கணவரை அம்மா என்று நம்பிய நான்கு வாத்துக் குஞ்சுகள்

அனகாபுத்தூரில் இருக்கும் என் நாத்தனார் ஐந்து வாத்து முட்டைகளை அடைக்கு வைத்திருந்தார். அடைகாத்தது ஒரு கோழி. கோழி முட்டை இருபத்தொரு நாளில் பொரிந்துவிடும். வாத்து முட்டைக்கு இருபத்தெட்டு நாள். அந்தக் கோழிக்கு இது தெரியாது. இருபத்தொன்று முடிந்து இன்னும் ஐந்து நாள் பொறுத்துப் பார்த்தது. அப்புறம் ஒரு காலையில் எழுந்து, சிறகை உதறிக்கொண்டு போயே போய்விட்டது.

அன்று நாத்தனார் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் கிளம்ப வேண்டிய நாள். மாடம்பாக்கத்தில் எங்கள் இரண்டாவது மாடி வீட்டுக்கு ஆட்டோவில் வந்தார். மடியில் ஒரு ஹாட்பேக். திறந்தால் துண்டில் சுற்றிய ஐந்து முட்டைகள்.

"நீ சயின்ஸ் டீச்சர்தானே? ரெண்டே நாள் சூடா வெச்சுக்கோ. பொரிஞ்சிடும்" என்றார்.

"அக்கா, நான் எடுக்கிறது பிசிக்ஸ்."

"சூடு பிசிக்ஸ்ல வராதா?" என்று கேட்டுவிட்டு அதே ஆட்டோவில் போய்விட்டார்.

வரும்தான். சூட்டுக்குக் குண்டு பல்பு வேண்டும். தாம்பரம் மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் எல்இடிதான். மூன்றாவது கடைக்காரர், "இது சூடே ஆவாது மேடம், கரண்ட் மிச்சம்" என்று பெருமையாக ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"எனக்குச் சூடாகற பல்புதாங்க வேணும்."

"இந்த மே மாசத்துலயா? இன்னாத்துக்கு மேடம்?"

"வாத்து முட்டைக்கு."

பில் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு பரண்மேல் ஏறி, தூசி படிந்த ஒரே ஒரு அறுபது வாட் பல்பைக் கண்டுபிடித்து இறக்கினார். "குஞ்சு பொரிச்சா வந்து சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

என் கணவர் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்ப்பவர். சோபாமேல் ஈரத் துண்டு கிடந்தாலே பொறுக்காதவர். தெர்மாகோல் பெட்டி, பல்பு, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் ஹாலுக்கு வந்ததும், "இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று கேட்டுவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார். இரண்டாம் நாள் ராத்திரியே நான்கு முட்டைகளில் விரிசல் விழுந்திருந்தது. மூன்றாம் நாள் காலை நான் பால் வாங்கக் கீழே போயிருந்தபோது பெட்டிக்குள் ஏதோ கீறும் சத்தம் கேட்டிருக்கிறது. என்னவென்று குனிந்து பார்த்திருக்கிறார். நான் திரும்பி வந்தபோது மனிதர் அதே நிலையில் உறைந்திருந்தார். உள்ளே நான்கு குஞ்சுகள் ஈரமாக, மஞ்சளாக, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்தாவது முட்டை பொரியவே இல்லை.

வாத்துக் குஞ்சு கண் விழித்ததும் எதைப் பார்க்கிறதோ அதுதான் அதற்கு அம்மா. எங்கள் குஞ்சுகளுக்கு அம்மாவாகக் கிடைத்தவர் மூக்குக் கண்ணாடி போட்ட, பனியன் அணிந்த, ஐம்பத்தோரு வயது ஆண்.

அவர் ஹாலில் நடந்தால் நான்கும் வரிசையாகப் பின்னால் நடந்தன. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து கத்தின. முதல் நாள், "ஏய், தூரமா போங்க" என்றார். இரண்டாம் நாள், "இருங்க, வந்துட்டேன்" என்று உள்ளே இருந்தே பதில் சொன்னார். மூன்றாம் நாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பல் தேய்த்தார். தண்ணீர்த் தட்டில் விழுந்து நனைந்தவற்றை ஹேர் டிரையரால் காய வைத்தார். நொய்யோடு அவித்த மஞ்சள் கருவை நான் பிசைந்தபோது மட்டும் கோபம் வந்தது.

"முட்டையா? சொந்தத்தையே திங்க வைப்பியா?"

"இது கோழி முட்டைங்க."

"அவங்களும் ஒரு வகையில சொந்தம்தானே?"

அவர் ஆபீஸ் போன பகல்கள்தான் பெரிய பேஜார். நான்கும் வாசற்கதவைப் பார்த்து விடாமல் கத்தின. தற்செயலாக ஒருநாள், 'தயிர் வாங்கணுமா?' என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியைப் போட்டேன். சட்டென்று அமைதி. போனைச் சுற்றி வந்து படுத்துவிட்டன. ஆனால் மூன்று நொடிச் செய்தியை எத்தனை தடவை போடுவது? "கொஞ்சம் நீளமா அனுப்புங்க" என்றேன்.

அன்றிலிருந்து கிண்டி போகும் மின்சார ரயிலில் நின்றுகொண்டே அனுப்ப ஆரம்பித்தார். "பக் பக் பக்... அப்பா டிரெயின்ல போறேன்டா. குரோம்பேட்டை வந்தாச்சு. சமத்தா இருக்கணும். பக் பக்." பின்னணியில் யாரோ ஒருவர், "சார், நீங்க உக்காருங்க சார்" என்று பதற்றமாக எழுந்து இடம் கொடுப்பதும் பதிவாகியிருந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளுக்கு அதை அனுப்பினேன். "எனக்கு அப்பா இது மாதிரி ஒண்ணுகூட அனுப்பினதில்ல" என்று பதில் எழுதிவிட்டு அவள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

இரண்டாவது வாரம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியேறி வந்தார். "சார், வாத்து வளக்கறீங்கன்னு கம்ப்ளைண்ட் வந்திருக்கு."

"நான் வளக்கல சார். என் பின்னாடி வருதுங்க" என்றார் என் கணவர். அவர் காலுக்குப் பின்னாலிருந்து நான்கு தலைகள் எட்டிப் பார்த்தன.

செயலாளர் விதிமுறைத் தாளைப் பிரித்தார். நாய், பூனைக்கு அனுமதி உண்டு. ஆடு, மாடு, கோழி கூடாது. "வாத்து எதுலயுமே வரலையே" என்று கவலைப்பட்டார். கடைசியில் எழுத்துமூலம் ஒரு கடிதம் கேட்டார். 'எங்கள் இல்லத்தில் தற்காலிகமாகத் தங்கியுள்ள நால்வர்' என்று தொடங்கி என் கணவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்.

ஜூன் தொடக்கத்தில் நாத்தனார் பேத்தி பிறந்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தார். மாம்பழ அட்டைப்பெட்டியில் குஞ்சுகளை வைத்து ஸ்கூட்டரில் கொண்டுபோனோம். நான் ஓட்டினேன், அவர் பின்னால் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தார். நாத்தனார் வீட்டுப் பின்பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சிமெண்ட் தொட்டி. தண்ணீரைப் பார்த்ததும் நான்கும் அவர் கால்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டன.

"அம்மா எறங்கினாத்தான் அதுங்க எறங்கும்" என்றார் நாத்தனார்.

அங்கேயே நின்று மேலதிகாரிக்குப் போன் செய்தார் என் கணவர். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"மூணு நாள் லீவு வேணும் சார். பசங்கள ஒரு இடத்துல சேர்க்க வேண்டியிருக்கு."

"அட்மிஷனா? எங்க?"

"அனகாபுத்தூர்ல சார். தண்ணின்னா பயப்படறாங்க. கூட நான் இருந்தாகணும்."

லீவு கிடைத்தது. மூன்று நாளும் பேண்டை முழங்காலுக்குமேல் மடித்துக்கொண்டு தொட்டிக்குள் நின்றார். பக்கத்து வீட்டுப் பெண்கள் மதில்மேல் கையூன்றி வேடிக்கை பார்த்தார்கள். அடையைப் பாதியில் விட்டுப் போன அந்தக் கோழியும் ஒரு தடவை வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கரையேறித் துண்டை எடுத்தபோது குஞ்சுகள் பின்னால் வரவில்லை. தண்ணீரிலேயே இருந்தன. தலையை உள்ளே விட்டு, வாலைத் தூக்கி, என்னத்தையோ தேடிக்கொண்டிருந்தன. "பக் பக்" என்று கூப்பிட்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். பிறகு பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டு, "கெளம்பலாம்" என்றார்.

ஸ்கூட்டர் பம்மலைத் தாண்டியது. அப்புறம் என் தோளுக்குப் பின்னாலிருந்து, "அந்தச் சின்னது மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துச்சு, கவனிச்சியா?" என்றார்.

அது முதுகில் உட்கார்ந்த ஈயைத்தான் திரும்பிப் பார்த்தது. "ஆமா, பார்த்தேன்" என்றேன்.