வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்

அந்தச் சித்திரையில செத்துப் போயிடலாம்னுகூட நினைச்சேன். எல்லாரும் அம்மனோட பிள்ளைங்க, உங்ககிட்டச் சொல்றதுக்கு எனக்கென்ன வெட்கம்? யுத்தம் வர்றதுக்கு முந்தின வருஷம் அது. அஸ்தம்பட்டியில ஒரு அறையில தங்கி வித்துவான் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். எங்க குடும்பத்துல ஏர் பிடிக்காத முதல் ஆள் நான்தான். ஏற்கெனவே ஒரு தடவை தோத்தாச்சு. மறுபடி தோத்தா ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது.

பாடத்துல இருந்த ஒரு காதல் பாட்டு என்னைப் போட்டு வதைச்சுது. நாலே அடி. காதலன் வாசல்ல வந்து நிக்கிறான். வராதேன்னு சொல்லி அவ கதவை அடைக்கிறா. அடைச்ச கதவுல நெத்தியை வெச்சுக்கிட்டு நிக்கிறா. அவ்வளவுதான். ஊடல்னு எழுதிக் கொண்டுபோனேன். கோபக்காரி எதுக்கப்பா நெத்தியை வெக்கிறான்னு கேட்டு ஆசிரியர் திருப்பிக் கொடுத்துட்டார். சரி, ஆசை இருக்கிறவ எதுக்குக் கதவை அடைக்கணும்? யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சுபோச்சு. சோறு இறங்கலை.

அந்த நேரம் பார்த்து எடப்பாடி வண்டிக்காரர் ஒருத்தர் வந்தார். தாய்வீடு போயிருந்த என் சம்சாரம் பாவாயி, என்னை இப்பத்திக்கு அங்க வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாளாம். வேற ஒரு சொல் இல்லை. பொங்கலுக்குக்கூட ஊருக்குப் போகாம புஸ்தகமே கதின்னு கிடந்தேனே, அந்தக் கோபம்னு நினைச்சேன். படிப்பும் போச்சு, பொண்டாட்டியும் போச்சுன்னு ஆயிடுச்சு எனக்கு.

மாரியம்மன் கோயில்ல போய் விழுந்தேன். தாயே, பாட்டும் விளங்கலை, அவ மனசும் விளங்கலை, ஏதாவது ஒண்ணையாவது காட்டுன்னு அழுதேன். பூசாரி வேப்பிலையைக் கையில கொடுத்து, "யாரு ஊட்டுலீங்க ஆத்தா வந்திருக்கா?"ன்னு கேட்டார். அந்த மாசத்துல அங்க வந்து அழறவங்க எல்லாம் அம்மை கண்ட வீட்டுக்காரங்கதான். எங்க வீட்டுல இல்லீங்கன்னு சொல்ல வாயெடுத்தேன். வர வேண்டாம்னு பாவாயி சொல்லியனுப்பினது அப்பத்தான் உறைச்சுது. அப்படியே எடப்பாடி ரோட்டைப் பிடிச்சேன்.

மாமனார் வீட்டு நிலைப்படியில வேப்பங்கொத்து சொருகியிருந்துச்சு. முதல்ல மாமியாருக்கு அம்மை, அப்புறம் கூடவே இருந்து பார்த்துக்கிட்ட இவளுக்கு. மாமியார் போயே போயிட்டாங்க. சேதி தெரிஞ்சா நான் ஓடியாந்துருவேன்னு, அம்மைப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு வண்டிக்காரர்கிட்டப் பாவாயி சத்தியம் வாங்கியிருக்கா. சின்ன வயசுலயே அம்மை வந்து போனவர்ங்கிறதால மாமனார் மட்டும் உள்ள போய் வந்துக்கிட்டிருந்தார். அவரைத் தாண்டி நான் கதவைத் தள்ளப் போனேன். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்துச்சு. எந்திரிக்கவே மாட்டாதவ எப்படி வந்தாளோ.

"போயிருங்க மாமா. உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்க."

அப்புறம் கதவுல மெதுவா முட்டுற சத்தம் கேட்டுச்சு. அவ நெத்தி. பாட்டு விளங்கிடுச்சு. விளங்கி என்ன செய்ய? பாட்டே வேண்டாம் தாயே, இவளை மட்டும் விட்டுடுன்னு மண்ணுல விழுந்து புரண்டேன். அம்மை இறங்கி அவ தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் அந்த வாசல்லயே கிடந்தேன்.

உசுரைக் கொடுத்தா மகமாயி. ரெண்டு கண்ணையும் எடுத்துக்கிட்டா.

பரீட்சையில அந்தப் பாட்டு வரவேயில்லை. தேறினேன், வாத்தியார் வேலையும் கிடைச்சுது. இதுக்குப் பேரு வரமான்னு சில பேர் கேக்கறாங்க. நானும் சில நாள் கோயில்ல நின்னு ஆத்தாகூடச் சண்டையே போடுவேன். ஆனா நான் கேட்டது உசுரு. அதைக் கொடுத்தா. அதனால சொல்றேன், பயமா இருந்தாலும் அவகிட்டயே போய் அழுங்க. நமக்கு வேற யார் இருக்கா?

தினமும் காலையில பாவாயி என் முகத்தைத் தடவிப் பார்ப்பா. நெத்தி, கன்னம், மூக்கு. ஒரு தழும்புகூட இல்லீங்க மாமான்னு சொல்லிச் சிரிப்பா.