“அசையாதேங்கோ!” – யுத்தகாலத் திருகோணமலையில் நான் எடுத்த கலியாணப் படங்கள்

வாழ்க்கையில் என்றுமில்லாத அளவுக்குப் பதறிக்கொண்டு நிற்கிற இரண்டு பேரை, பதற்றமே இல்லாதவர்கள் போலக் காட்டுவதுதான் கலியாணப் படம் எடுக்கிறவனுடைய தொழில். சாதாரண காலத்திலேயே அது லேசான காரியம் இல்லை. மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை நெற்றியில் இறங்கும். பொம்பிளைக்கு மாலையின் பாரத்தில் கழுத்து நிமிராது. மாமன்மார் இரண்டு பேர் யார் முன்னுக்கு நிற்பது என்று முறுகிக்கொண்டு நிற்பார்கள். நீங்களும் ஒரு நாள் அப்படி வேர்த்து வழிய நின்றவர்கள்தானே, உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

நான் சொல்ல வந்தது வெள்ளைக்காரர் ஆண்ட நேரத்து உலக யுத்தகாலத்துக் கதை. துறைமுகம் நிறையக் கப்பல், சீனன்குடாத் தளத்தில் யுத்த விமானம், வீட்டு வளவுகளில் வாழைக்குப் பக்கத்தில் பதுங்கு குழி. அப்பவும் எங்கள் சனம் கலியாணம் கட்டத்தான் செய்தது. முந்தியைவிட அவசரமாகவும் கட்டியது. என்னிடம் முக்காலியில் நிற்கிற கமரா ஒன்றும், கொழும்பிலிருந்து எப்போது வரும் என்று தெரியாத கண்ணாடித் தட்டுகளும் இருந்தன. ஒரு தட்டில் ஒரு படம்தான். பிழையாகப் போனால் போனதுதான்.

சொந்தக் கடல்

ஒரு கலியாணத்தில் பொம்பிளையின் தகப்பன் பள்ளிக்கூட வாத்தியார். என் ஸ்ரூடியோத் திரையில் கடலும் பாய்க்கப்பலும் வரைந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “எங்களுக்குச் சொந்தக் கடல் இருக்க, சீலையிலை வரைஞ்ச கடல் என்னத்துக்கு?” என்றார். தாலி கட்டி முடிந்த கையோடு மாப்பிள்ளை பொம்பிளையைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மணமக்கள் கிழக்குப் பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்று வாத்தியார் ஒரே பிடி. அப்படி நிறுத்தினால் அவர்களுக்குப் பின்னால் தெரிவது உள்துறைமுகம், அதில் நிற்பது போர்க்கப்பல். அதை யோசிக்க வேண்டியவன் நான்தான். ஆனால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் எனக்கு முகங்களைத் தவிர வேறொன்றும் தெரியாது.

கமராக் கண்ணின் மூடியைக் கழற்றி மூடினேன். துணிக்கு வெளியே தலையை எடுத்தபோது இரண்டு பக்கமும் துவக்கோடு நேவிக்காரர். மாலையும் கழுத்துமாக மணமக்களையும், முக்காலியும் தோளுமாக என்னையும் தங்களுடைய அலுவல் கந்தோருக்குக் கொண்டுபோனார்கள். எந்தப் பக்கம் பார்த்து எடுத்தாய், ஏன் அந்தப் பக்கம் எடுத்தாய் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்டார். வாத்தியார் தனக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதையும் எடுத்துக் கிழக்குத் திசையின் சிறப்பை விளக்கினார். எனக்கோ, உளவாளி என்று ஒரு சொல் எழுதினால் என் பெண்சாதி பிள்ளைகளின் கதி என்ன என்பதைத் தவிர வேறொரு நினைவும் இல்லை.

கடைசியில் அதிகாரி தட்டை வெளியே இழுத்து வெயிலில் பிடிக்கச் சொன்னார். படம் கருகிப் போனது, எங்களை விட்டார்கள். வரும் வழியில் வாத்தியார் தலை நிமிரவில்லை. நான் பொம்பிளையைப் பார்த்து, “மன்னிக்க வேணும் தங்கச்சி, இருந்த ஒரு படமும் போச்சு” என்றேன். அதுவரைக்கும் வாயே திறக்காத அந்தப் பிள்ளை சொன்னது:

“போனது நல்லது அண்ணை. அப்பா வெயிலுக்குள்ளாலை இழுத்துக்கொண்டு வந்த கோவத்திலை நான் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டுதான் நிண்டனான்.”

வெடித்த வெளிச்சம்

விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்று இருட்டடிப்பு உத்தரவு வந்தபிறகு பின்னேரக் கலியாணங்கள் எல்லாம் யன்னலுக்குச் சாக்குக் கட்டின வீட்டுக்குள்ளேதான் நடந்தன. அந்த இருட்டில் படம் எடுக்க வேண்டுமென்றால் தகட்டில் மருந்துத்தூள் பரப்பிக் கொளுத்த வேண்டும். ‘பும்’ என்று ஒரு சத்தத்தோடு வெள்ளை வெளிச்சம் அடிக்கும். நகரத்தில் ஒரு வீட்டில் தாலி கட்டுக்கு முன்னம் ஒரு படம் வேண்டும் என்று கேட்டார்கள். சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லிப்போட்டுத்தான் கொளுத்தினேன். சொன்னபோது மாப்பிள்ளையின் காதுக்குப் பக்கத்தில் நாதஸ்வரம் ஊதிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

சத்தமும் புகையும் எழும்பினதும் யாரோ “குண்டு!” என்று கத்தினார்கள். புகை அடங்கிப் பார்த்தால் மணவறையில் பொம்பிளை தனியாக இருக்கிறா. மாப்பிள்ளை இருந்த இடத்தில் அவருடைய தலைப்பாகை கிடக்கிறது. ஆள் குசினி வாசலால் பாய்ந்து, வளவு கடந்து, பதுங்கு குழிக்குள் இருந்தார். பொம்பிளையின் தாய்மாமன் எழும்பி நின்று, “இப்பிடி விட்டுட்டு ஓடுறவனுக்கோ எங்கடை பிள்ளையைக் குடுக்கிறது?” என்று உறுமினார். மாப்பிள்ளை பகுதி பதிலுக்கு எழும்பியது. ஐயர் நேரம் போகுது, நேரம் போகுது என்கிறார். நான் கமராவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். கலியாணம் குழம்பினால் என் தலையில்தான் விடியும்.

மாப்பிள்ளை தலை நிறைய மண்ணோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவும் துணிவில்லை, திரும்பிப் போகவும் வழியில்லை. எல்லோரும் பொம்பிளையின் முகத்தைப் பார்த்தோம். அவ தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, எல்லோருக்கும் கேட்கச் சொன்னா:

“வந்து இருங்கோ. அடுத்த முறை ஓடேக்கை என்னையும் கூப்பிட்டுக்கொண்டு ஓடுங்கோ.”

உப்புவெளியில் ஒரு காலை

ஜப்பான்காரரின் குண்டு உண்மையாகவே விழுந்த நாளிலும் எனக்கு ஒரு கலியாணம் இருந்தது. பொம்பிளை பாக்கியம், உப்புவெளி. மாப்பிள்ளை கந்தசாமி, நகரத்து ஆள், துறைமுகத்தில் வேலை. காலையிலேயே சைக்கிளில் கமராவைக் கட்டிக்கொண்டு பொம்பிளை வீட்டுக்குப் போய்விட்டேன். முக்காலியை விரிக்கவும் விமானச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. பிறகு நிலம் அதிர்ந்தது. பந்தலில் கட்டியிருந்த வாழைக்குலை தானாக ஆடியதைப் பார்த்துக்கொண்டு நான் மண்ணில் குப்புறக் கிடந்தேன்.

சத்தம் ஓய்ந்து எழும்பினால் சீனன்குடாப் பக்கம் கறுப்புப் புகை மலை மாதிரி நிற்கிறது. நகரத்துச் சனம் மூட்டை முடிச்சோடு நிலாவெளி ரோட்டால் வடக்கே போகத் தொடங்கியது. மேளகாரர் போனார்கள். ஐயரும் போனார். மாப்பிள்ளை பகுதியை மட்டும் காணவில்லை. பாக்கியத்தின் மாமன் வண்டிலைக் கட்டிக்கொண்டு, “ஏறு பிள்ளை, நிலாவெளிக்குப் போவம்” என்றார். அவ கலியாணச் சேலையோடு மணவறையை விட்டு இறங்கவில்லை. “அவர் வந்து பார்க்கேக்கை இஞ்சை ஒருத்தரும் இல்லாமல் இருக்கக் கூடாது” என்றா. தாய் என்னிடம் வந்து, “தம்பி, உங்களிட்டைத்தானே சைக்கிள் இருக்கு” என்றா.

ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஓம் என்று வந்துவிட்டது. ரோட்டு முழுக்கச் சனம் ஒரு பக்கம் வர, நான் ஒருவன் மறுபக்கம் போனேன். “எங்கை போறாய், விசரோ உனக்கு?” என்று கேட்காத ஆள் இல்லை. எனக்கும் அதே கேள்விதான். என் சொந்த வீடு இன்னொரு பக்கம். அங்கே என் பெண்சாதியும் பிள்ளைகளும் என்ன ஆனார்களோ தெரியாது. முதலில் அங்கே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தேன். விசயத்தைச் சொன்னதும் பெண்சாதி பிள்ளைகளோடு குழிக்குள் இருந்தபடியே, “நாங்கள் இருக்கிறம், நீங்கள் அந்தப் பிள்ளையின்ரை அலுவலைப் பாருங்கோ” என்றா.

மாப்பிள்ளை வீடு பூட்டிக் கிடக்க, விசாரித்துக்கொண்டு போய்க் கந்தசாமியை ஆஸ்பத்திரி வாசலில் கண்டேன். பட்டு வேட்டியில் இரத்தம். ஓடிப் போய்க் காயம் எங்கே என்று தேடினேன். பார்த்தால் அது அவருடைய இரத்தம் இல்லை. லீவு கிடைக்காமல் அன்றைக்கும் துறைமுகத்தில் வேலைக்குப் போன அவருடைய தம்பியைத் தேடிப் போய்த் தோளில் தூக்கி வந்திருக்கிறார். தம்பிக்குத் தலையில் கட்டு, உயிருக்கு ஒன்றுமில்லை. என்னைக் கண்டதும் கந்தசாமி கேட்டது, “அவை இன்னும் நிக்கினமோ?” என்றுதான். நிற்கிறார்கள் என்று சொன்னேன். தாய் தகப்பன் தம்பியோடு அங்கேயே இருக்க, அவரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன்.

மேளம் இல்லை, ஐயர் இல்லை. மாமன் தாலியை எடுத்துக் கொடுக்க, கந்தசாமி அந்த வேட்டியோடேயே கட்டினார். பிறகு அவர்களை நிறுத்தி, அசையாதேங்கோ என்று சொல்லிப் படம் எடுத்தேன். அவர்கள் நடுங்கினார்களோ, என் முக்காலிதான் நடுங்கியதோ தெரியாது. கழுவிப் பார்த்தபோது இரண்டு முகமும் தண்ணீருக்குள் தெரிவது போலக் கலங்கிப்போய் இருந்தன. கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அவர்கள் நிலாவெளியில் இருக்கிறார்கள் என்று அறிந்து, படத்தைக் கொண்டுபோய்க் கூச்சத்தோடு கொடுத்தேன். திரும்ப நிறுத்தி எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். பாக்கியம் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

“வேண்டாம் அண்ணை. அண்டைக்கு நாங்கள் இப்பிடித்தான் இருந்தனாங்கள்.”

எல்லோரும் ஒரு பக்கம்

அதற்குப் பிறகு திருகோணமலையில் எந்தச் சத்தம் கேட்டாலும் சனத்தின் தலை தானாக மேலே போகும். ஒரு கலியாண வீட்டில் இரண்டு பகுதிக்கும் ஆகவே ஆகாது. இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் நிற்கமாட்டார் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி வரிசைப்படுத்தி, மிச்சமிருந்த கடைசித் தட்டைப் போட்டு மூடியைத் திறக்கிறேன், சீனன்குடாவில் எழும்பின விமானம் ஒன்று தலைக்கு மேலால் போகிறது. எங்களுடைய பக்கத்து விமானம்தான். ஆனாலும் அத்தனை பேரும் அண்ணாந்தார்கள். படத்தில் இருந்தது முழுக்க நாடியும் கழுத்தும்தான்.

அந்தப் படத்தைக் காட்டும்போது என்னை அடிக்க வருவார்கள் என்று வாசலுக்குக் கிட்டவே நின்றேன். மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருந்துகொண்டு அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. பிறகு சொன்னா:

“இந்தச் சனம் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தது அண்டைக்குத்தான். இதையே சட்டம் போட்டுத் தாங்கோ.”

அந்தக் கை

சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தா. அவவுடைய ஒரே மகனின் கலியாணப் படத்தை நான்தான் எடுத்தனான். மகன் துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றுகிற வள்ளத்தில் வேலை. ஒரு நாள் பெரிய கப்பல் ஒன்று கிளப்பிய அலையில் வள்ளம் கவிழ்ந்து, ஆள் திரும்பவில்லை. கலியாணம் கட்டி ஒரு வருசம்கூட ஆகவில்லை. “அவன்ரை படத்தை மட்டும் பெரிசாக்கித் தா தம்பி. பக்கத்திலை நிக்கிறவளை வெட்டிவிடு. அவள் வந்த நேரம்தான் என்ரை பிள்ளை போனவன்” என்றா. அந்தத் துக்கத்துக்கு முன்னால் நான் என்ன நியாயம் கதைக்க ஏலும்? ஓம் என்றேன்.

அடுத்த கிழமை அவவுடைய மருமகள் தனியாக வந்தா. உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே, “மாமி என்னை வெட்டச் சொல்லியிருப்பா. வெட்டுங்கோ, நான் ஒண்டும் சொல்லேல்லை. கண்ணாடித் தட்டை மட்டும் சுரண்டிப்போடாதேங்கோ, அதிலை நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அந்தக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மாப்பிள்ளை அவவுடைய கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரை மட்டும் எடுத்தாலும் அந்தக் கை கூட வரும். பெரிதாக்கி, தூரிகையால் கையை மறைக்கப் பார்த்தேன். மறைத்தால் அவருடைய விரல்கள் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றன. மனம் ஒப்பவில்லை. பூசினதை அழித்துவிட்டு அப்படியே சட்டம் போட்டு வைத்தேன்.

சொன்ன நாளில் அம்மா வந்தா. படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, ஏச்சுக்குத் தயாராக நின்றேன். மகனின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தா. பிறகு கீழே வந்து, அந்த வளையல் போட்ட கையில் அவவுடைய விரல் நின்றது. “இது அவளின்ரை கையோ?” என்று கேட்டா. ஓம் என்றேன், வேண்டாமென்றால் திரும்பவும் பூசிப் பார்க்கிறேன் என்றேன். அவ படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பிச் சொன்னா:

“கிடக்கட்டும் தம்பி. அவன் பிடிச்ச கையை எடுத்துவிட நான் ஆர்?”

இத்தனையும் பட்ட என்னைப் பார்த்து, “கலியாணப் படம் எடுக்கிறது என்ன பெரிய வேலை, மூடியைத் திறந்து மூடுறதுதானே?” என்று யாராவது கேட்டால், ஓம் அவ்வளவுதான் என்று தலையாட்டிவிட்டு நான் அடுத்த முகூர்த்தத்துக்குச் சைக்கிளை மிதித்துவிடுகிறேன்.