லாரிக்காரர் சாகாத கதை

கதை எழுத மீறக்கூடாத விதி ஏதாவது உண்டா என்று யாராவது கேட்டால் எனக்கு அத்தை ஞாபகம்தான் வருகிறது.

ஐந்தாம் வகுப்பில் கதைப் போட்டி வைத்தார்கள். தமிழ் டீச்சர் ஒரே ஒரு விதி சொன்னார்: "எப்படி வேணா எழுதுங்க. ஆனா முடிவு இருக்கணும். முடிவு இல்லாட்டி அது கதையே இல்ல." நான் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

கதைக்கு ஆள் தேடி அலையவில்லை. அத்தையின் கணவர் லாரி டிரைவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது பீங்கான் லோடு ஏற்றிக்கொண்டு போனார். வேப்பூரில் ஒரு ஓட்டல் வாசலில் லாரி நின்றது, மாமாவைக் காணோம். அதன்பின் தகவலே இல்லை. அத்தை எங்களோடு வந்துவிட்டாள்.

என் கதையில் மாமாவை விபத்தில் சாகடித்தேன். மழை, இடி, ஊரே அழுகிறது. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. முதல் பரிசு எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அத்தை கொலு பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வர்ணம் பூசுவாள். கண்ணைக் கடைசியில்தான் எழுதுவாள். எழுதி முடிக்கும்வரை வாய் திறக்க மாட்டாள்; பொம்மை வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் அது வழக்கம். குறுக்கே பேச மாட்டாள் என்பதால் அந்த நேரமாகப் பார்த்துக் கதையைப் படித்துக்காட்டினேன்.

லாரி புளியமரத்தில் மோதும் இடம் வந்தது. பொம்மைக்கு ஒரு கண்தான் எழுதியிருந்தாள். அதற்குள் பேசிவிட்டாள்.

"சாவடிக்காதடி."

"முடிவு வேணும் அத்த. டீச்சர் சொன்னாங்க."

"வரலன்னா வரலன்னு எழுது. எங்கியோ இருக்காருன்னு வுட்டுடு. செத்துட்டாருன்னு மட்டும் எழுதாத கண்ணு."

அத்தை யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பயமாக இருந்தது. அரைமனதாகக் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன். போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. முடிவு எங்கே என்று டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டார். அத்தையோடு காய் விட்டேன்.

அந்த நாட்களில் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மாமாவின் சொந்தக்காரர்கள் அடிக்கடி வந்து தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார்கள். அத்தை தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அவர்கள் வாங்கிவரும் மிக்சரில்தான் கவனம். இத்தனை வருஷம் வராதவர் இனி வர மாட்டார், காரியத்தைச் செய்துவிடலாம் என்று கேட்கத்தான் வந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. செய்துவிட்டால் அத்தை பொட்டை அழித்துத் தாலியைக் கழற்ற வேண்டும்.

இதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரிந்தது? நல்ல கதையைக் கெடுத்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.