உண்மையிலேயே ரெடி

சலவைக் கடையில் அழுக்குகூடப் போய்விடும். ‘என் துணி எங்கே?’ என்ற கேள்வி மட்டும் போகாது. மட்டாஞ்சேரியில் எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்கிறவள் நான். கம்ப்யூட்டர் வந்த கடைகளில் கவுண்டரில் நிற்கிற உங்களுக்கெல்லாம் என் பாடு சொல்லாமலே விளங்கும்.

ஈரக் கை

முன்பெல்லாம் எட்டிப் பார்த்துச் சொல்வேன். கொடியில் கிடந்தால் காய்கிறது, மேஜையில் இருந்தால் தேய்க்கிறோம், அவ்வளவுதான். முதலாளி சேகரண்ணன் ஆப் கொண்டுவந்தார். எனக்கு ஒரு போன், துவைக்கிற முருகனுக்கு ஒன்று, ஆட்டோ ஓட்டுகிற நாசருக்கு ஒன்று. மூன்றிலும் ‘ஊறுது’, ‘காயுது’, ‘ரெடி’ என்று பொத்தான்கள். ‘ரெடி’யை அமுக்கினால் துணிக்காரருக்கு மெசேஜ் போய்விடும்.

ஒரு நாள் திருப்பூணித்துறைக்காரர் ஒருவர் ‘ரெடி’ என்று மெசேஜ் வந்ததை நம்பி பஸ் ஏறி வந்துவிட்டார். அவருடைய பட்டுக்கரை முண்டு தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. முருகனைக் கேட்டால், “ஈரக் கையில அமுக்குனா போன் கேக்க மாட்டேங்குதுக்கா. அதான் காலையில கை காஞ்சிருக்கும்போதே எல்லாத்தையும் அமுக்கிட்டு இறங்கிடறேன்” என்கிறான். வந்தவர் கோபப்படக்கூட இல்லை. “அப்போ ஞான் இந்த மெசேஜை உடுத்துண்டு கல்யாணத்துக்குப் போகட்டே, சேச்சி?”

இன்னொரு பொத்தான்

எங்கள் அத்தனை பேர் வீட்டிலும் உலை வைப்பது தேவரா ஹோட்டலின் படுக்கை விரிப்புகள்தான். ஒருமுறை ஈர விரிப்பு போய்விட்டது. மறுபடி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று அதன் மேனேஜர் சொல்லிவிட்டார்.

ஆப் எழுதின ரேகா காக்கநாட்டிலிருந்து ஓடிவந்தாள். சாயா ஆறிப்போகிற வரைக்கும் சொன்னாள்: “நடந்ததை மட்டும் எழுதுவோம் சேட்டா. எந்த மூட்டை எப்போ தொட்டியை விட்டுச்சு, எப்போ மேஜைக்கு வந்துச்சுன்னு. எழுதினதை யாரும் மாத்தவே வேண்டாம், அடுத்து நடந்ததைக் கீழ சேர்த்தாப் போதும். அதை வச்சு ரெடியா இல்லையான்னு ஆப்பே சொல்லிடும். இப்போ ஆளாளுக்கு ஒரு ‘ரெடி’யை வச்சு மாத்திக்கிட்டிருக்கீங்க. மூணுல எது நிஜம்னு யாருக்குத் தெரியும்?”

எனக்குப் புரிந்தது. முருகனுக்கும் புரிந்தது. சேகரண்ணன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அத்தனை பாடு எதுக்கு மோளே? ‘ரெடி’க்குப் பக்கத்துல ‘உண்மையிலேயே ரெடி’ன்னு ஒரு பொத்தான் வச்சுக் குடு” என்றார்.

மழை

வைத்துக் கொடுத்தாள், பாவம். முருகன் காலையில் அதையும் சேர்த்து அமுக்கினான்.

அன்று திடீரென்று மழை. கொடியில் கிடந்த ஹோட்டல் விரிப்புகளை வாரி, மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்தோம். நான் உள்ளே போய் வருவதற்குள் நாசர் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். “கனக்குதேன்னு நினைச்சேன் அக்கா, போன்ல உண்மையிலேயே ரெடின்னு இருந்துச்சே” என்றான் பிறகு. ஹோட்டலில் அன்று அறை எல்லாம் நிறைந்து, மெத்தைகள் வெறுமனே கிடந்தனவாம்.

மேனேஜர் போனில் கூப்பிட்டார். நான் கெஞ்சினேன். முழுதும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: “அக்கா, எங்க ஹோட்டல் பேருக்கு நேரா ‘போயாச்சு’ன்னு ஒரு பொத்தான் வச்சுக்கோங்க.”

முருகன் இப்போது வேறு வேலை தேடுகிறான், நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், போனைத் திறந்தால் மட்டும் அந்த விரிப்புகள் இன்னும் உண்மையிலேயே ரெடியாக இருக்கின்றன.