தொட்டால் தொற்றாது

மழை பெய்த ஒரு ஞாயிறு பின்னேரம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் வழக்கம்போல மக்கர் பண்ணியது. படியேறி வந்தால்... மூன்றாம் மாடிப் படியில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு சாந்தினி உட்கார்ந்திருக்கிறாள்.

சாந்தினி எதிர்வீட்டில் போர்டிங் இருக்கும் பிள்ளை. ஊர் ஹட்டன். பம்பலப்பிட்டியில் ஓர் ஒபிஸில் கணக்கு வேலை. அந்த வீட்டு அறையில் இவளோடு தர்சினி என்றொரு பிள்ளையும் இருக்கிறாள்.

"ஏன் பிள்ளை இங்க இருக்கிறீர்?"

"தர்சினி என்னைய ஹோலுல படுக்கச் சொல்லிட்டாக்கா. தலையில இருக்கிறது அவளுக்கும் ஒட்டிருமாம். வேற இடம் பாக்கணுமாம். வீட்டுக்கார ஆன்டியும் சரின்னுட்டாங்க."

பார்த்தேன். நெற்றியோரம் சிவந்து, மஞ்சள் செதில் அப்பிக் கிடந்தது. புருவத்திலும் காதுக்குப் பின்னாலும்கூட.

பிள்ளை சும்மா இருந்ததா? தேசிக்காய், வெந்தயம், தயிர் – யார் எதைச் சொன்னாலும் செய்திருக்கிறாள். தினமும் சவர்க்காரம் போட்டு முழுக்கு. தோல் காய்கிறதே என்று அதன்மேல் தேங்காயெண்ணெய். டொக்டரிடம் மட்டும் போகவில்லை. ஏனாம்?

"அழுக்குன்னு அவங்களும் சொல்லிட்டா என்னக்கா செய்றது?"

அடுத்த நாள் வேலை முடிந்ததும் காலி வீதியில் ஒரு தோல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் ஒரு பெண். கையுறைகூடப் போடவில்லை, வெறும் விரலால் முடியை விலக்கி, நிதானமாகப் பார்த்தார். சாந்தினியின் கண் கலங்கிவிட்டது. எத்தனை நாளாக அந்தத் தலையை ஒருவரும் தொடவில்லையோ?

"இது அழுக்கில்லை, தொத்துற வருத்தமும் இல்லை. எல்லாற்ற தலையிலயும் ஒரு பூஞ்சணம் இருக்கு. சில பேற்ற தோல் அதோட ஒத்துப்போகாது, அவ்வளவுதான். எண்ணெய் வைக்கிறனீங்களோ?"

"தினமும் வைக்கிறேன் டொக்டர்."

"முதல்ல அதை நிப்பாட்டுங்கோ. இந்த மருந்து ஷம்பூவைக் கிழமைக்கு ரெண்டு தரம் போடுங்கோ. உடனே கழுவாமல், நுரையோட அஞ்சு நிமிசம் விடோணும். சிவந்த இடத்துக்கு இந்த லோஷன், கொஞ்ச நாளைக்கு மட்டும்."

"முழுசாப் போயிருமா?"

"அடங்கும். பிறகு திரும்பியும் வரலாம். வந்தால் திரும்ப ஷம்பூ. பயப்பிடாதேங்கோ."

முழுசாகப் போகாது என்று கேட்டும் ஒருத்தி இப்படிச் சிரிப்பாளா? சிரித்தாள்.

எதிர்வீட்டாரிடம் நானே நாலு வார்த்தை கேட்கத்தான் இருந்தேன். "வேணாங்கா, நானே பேசுறேன்" என்று கதவைத் தட்டினாள். தர்சினியிடம் நேராகவே சொன்னாள்:

"இது ஒட்டாது. டொக்டர் கையாலயே தொட்டுப் பார்த்தாங்க. நான் ரூமுலதான் படுப்பேன்."

ஆன்டிதான், "எங்களுக்குத் தெரியாதெல்லோ பிள்ளை..." என்று இழுத்தா. உண்மைதான், தெரியாதுதான். ஆனால், தெரியாததைக் கேட்டுப் பார்க்கிறோமா? ஆளை முதலில் வெளியே படுக்க வைத்துவிட்டல்லவா மற்றதை யோசிக்கிறோம்!

சில வாரங்களில் செதில் உதிர்ந்தது, சிவப்பு மங்கியது. ஒபிஸில் வேலை கூடிய ஒரு கிழமை திரும்பவும் எட்டிப் பார்த்தது. சாந்தினி அழவில்லை. ஷம்பூவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டபோது எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாந்தினி கதிரையில் இருக்கிறாள். பின்னால் நின்று தலை பின்னிக்கொண்டிருப்பது – தர்சினி.

பின்னல் கொஞ்சம் கோணல்தான். யார் கவனிக்கப் போகிறார்கள்!